தண்டர்பேர்ட்ஸ் பொம்மைகள் ஏன் அதிகம் நடக்கவில்லை?

உலகத்தின் எந்த மூலையில் ஆபத்து என்றாலும் ராக்கெட்டில் பறந்து போய்க் காப்பாற்றுகிறவர்கள், 'தண்டர்பேர்ட்ஸ்' என்ற பொம்மைத் தொலைக்காட்சித் தொடரின் நாயகர்களான டிரேசி சகோதரர்கள். ஆனால் வீட்டு ஹாலிலிருந்து அந்த ராக்கெட் வரை நாலு எட்டு நடந்து போக மாட்டார்கள். ஒருவர் சுவரோரம் நின்றால் சுவர் திரும்பி அவரை உள்ளே கொண்டுபோகும். இன்னொருவர் மாட்டியிருக்கும் ஓவியத்தில் சாய்ந்தால் அது அவரைத் தலைகீழாகச் சறுக்கிவிடும். மூன்றாமவர் உட்கார்ந்த சோபாவோடு தரைக்குள் இறங்கிவிடுவார். சின்னப் பிள்ளைகளுக்கு இதைவிடச் சந்தோஷம் வேறென்ன வேண்டும்? ஆனால் பிள்ளைகளை மகிழ்விக்க மட்டும் இவ்வளவு ஏற்பாடு செய்யவில்லை. பொம்மையை நடக்கவிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயமும் அதில் உண்டு.

ஜெர்ரி ஆண்டர்சனும் அவர் மனைவி சில்வியா ஆண்டர்சனும் லண்டனுக்கு மேற்கே ஸ்லவ் நகரத்துத் தொழிற்பேட்டையில் வைத்து எடுத்த தொடர் இது. 1965 செப்டம்பர் 30 அன்று பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் தொடங்கி, மொத்தம் 32 பகுதிகள் வந்தன. தங்கள் முறைக்கு அவர்கள் சூப்பர்மேரியோனேஷன் என்று பந்தாவாக ஒரு பெயர் வைத்திருந்தார்கள். பந்தாவை விட்டுவிட்டுப் பார்த்தால், நூல் பொம்மலாட்டத்தில் மின்சாரம் புகுந்த கதைதான்.

முதலில் வாய். கையால் நூலை இழுத்து வாயசைத்தால் ஒவ்வோர் அசைக்கும் ஈடுகொடுக்க முடியாது. வாய் ஒரு பக்கம், வசனம் ஒரு பக்கம் என்று போகும். ஆண்டர்சன் குழு அந்த வேலையைக் கலைஞரின் கையிலிருந்து எடுத்து ஒலிநாடாவிடம் கொடுத்துவிட்டது. நம்ம ஊர் சினிமாப் பாட்டு மாதிரிதான்: குரல் முதலில் பதிவாகிவிடும், வாய் அப்புறம் அதற்கேற்ப அசையும். நடிகர்கள் வசனத்தை முன்பே பேசிப் பதிவு செய்துவிடுவார்கள். படப்பிடிப்பில் அந்த நாடா ஓடும். அதிலிருந்து வரும் ஒலி மின்துடிப்புகளாக மாறி, பொம்மையைத் தாங்கும் கம்பி வழியாகவே தலைக்குள் இறங்கும். அங்கே ஒரு சின்ன சோலனாய்டு. பள்ளிக்கூடத்தில் வரிச்சுருள் என்று படித்திருப்போமே, அதுதான். மின்னோட்டம் பாய்ந்தால் சுருள் காந்தமாகி நடுவிலிருக்கும் இரும்புத் தண்டை இழுக்கும், தண்டு கீழுதட்டை இழுக்கும். ஒலி நின்றால் காந்தமும் போய்விடும், உதடு பழைய இடத்துக்கு வந்துவிடும்.

கம்பி டங்ஸ்டன். இழுவிசைக்குச் சுலபத்தில் அறுந்துவிடாது, மின்சாரத்தையும் கடத்தும் என்பதால் முடி போல மெல்லிசாக இழுத்தாலும் இரண்டு வேலைக்கும் ஆகும். மின்சுற்று முழுமையாக ஒரு கம்பி போதாது, போக ஒன்று, திரும்ப ஒன்று வேண்டும். தலையைத் தாங்கும் கம்பிகளே அதற்கும் உதவின. ஸ்டூடியோ விளக்கில் கம்பி பளபளத்துக் காட்டிக்கொடுக்கும் என்பதால், பின்னணியின் நிறத்துக்கேற்பப் பொடி தூவியும் வண்ணம் பூசியும் மங்கலாக்குவார்கள். அப்படியும் கம்பி தெரியும் காட்சிகள் நிறைய உண்டு. எனக்கு அது ஒரு குறையாகவே தோன்றியதில்லை.

இந்த ஏற்பாட்டில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சோலனாய்டுக்கு 'அ' என்ன, 'உ' என்ன என்று எதுவும் தெரியாது. ஒலி இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே அதற்குத் தெரியும். உதடு குவியாது, பல் கடிக்காது, திறக்கும், மூடும், அவ்வளவுதான். ஆனாலும் தொடரில் வரும் லேடி பெனலோப்பி என்ற பொம்மை பேசுவதாக நாம் நம்புகிறோம். பேசுகிறவரின் வாய் எந்த வடிவத்தில் இருக்கிறது என்பதைவிட, அது எந்த நொடியில் திறக்கிறது என்பதையே மூளை முதலில் பார்க்கிறது. அந்த நொடி சரியாக விழுந்துவிட்டால் மிச்சத்தைக் கண்டுகொள்வதில்லை.

அப்புறம் அந்தப் பெரிய தலை. பொம்மைகள் மனித உயரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, சுமார் 56 செ.மீ. இருக்கும். சோலனாய்டும் கண்ணை உருட்டும் அமைப்பும் தலைக்குள் அடங்க வேண்டும் என்பதால் தலை உடம்புக்குப் பொருந்தாத அளவில் பெருத்தது. அழகுக்காகச் செய்ததென்று நினைத்தவர்கள் உண்டு. இயந்திரத்துக்கு இடம் ஒதுக்கியதில் வந்தது அது. முகபாவம் மாறாது என்பதால் சிரிக்க ஒரு தலை, முகம் சுளிக்க ஒரு தலை என்று தனித்தனியாகச் செய்து மாட்டினார்கள். பொத்தானை அழுத்தும் விரலைக் கிட்டத்தில் காட்ட வேண்டுமென்றால், உண்மையான மனிதக் கையை வைத்து எடுத்து ஒட்டிவிடுவார்கள்.

சரி, நடைக்கு வருவோம். கம்பியில் தொங்கும் பொம்மையின் எடையைக் கம்பிதான் தாங்குகிறது, பாதம் தாங்குவதில்லை. நாம் நடக்கும்போது ஒவ்வொரு காலிலும் மாறி மாறி எடை இறங்குகிறது, முழங்கால் அதை வாங்கிக்கொள்கிறது, இடுப்பு லேசாகச் சாய்கிறது. பொம்மையிடம் இதில் ஒன்றும் கிடையாது. கம்பியைத் தளர்த்தினால் முழங்கால் மடிந்துவிடும், இழுத்துப் பிடித்தால் பாதம் தரையில் பட்டும் படாமலும் மிதக்கும்.

இதைவிடப் பெரிய சிக்கல் நேரம். தொங்கும் கால் ஓர் ஊசல்தான். ஊசலின் அலைவுநேரம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. காலின் நீளம் மூன்றில் ஒரு பங்கானால், அது ஏறக்குறைய 1.7 மடங்கு வேகமாக ஆடும். அதனால்தான் பொம்மை நடந்தால் துள்ளிக்கொண்டு போவது போல இருக்கிறது. ஒரு பொருள் சின்னது என்பதை அதன் அளவு காட்டிக்கொடுக்காவிட்டாலும் அதன் வேகம் காட்டிக்கொடுத்துவிடும்.

இதே சிக்கல் விமான, ராக்கெட் மாதிரிகளுக்கும் உண்டு. அங்கே அதற்கு மாற்று இருந்தது. அந்தப் பிரிவைப் பார்த்துக்கொண்டவர் டெரெக் மெடிங்ஸ். பிற்பாடு ஜேம்ஸ் பாண்ட் படங்களுக்கு வேலை செய்தவர், 1978-இல் வந்த 'சூப்பர்மேன்' படத்துக்காக ஆஸ்கர் வாங்கியவர். ஒரு கணக்குப் பார்ப்போம். 45 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து ஒரு கல் விழ சுமார் 3 வினாடி ஆகும். அந்தக் கோபுரத்தை 25-இல் ஒரு பங்காகச் செய்தால் உயரம் 1.8 மீட்டர். அதிலிருந்து விழ 0.6 வினாடி போதும். அப்படியே படம் பிடித்தால் பொம்மைக் கோபுரம் சரிவதாகத்தான் தெரியும். ஆனால் கேமராவை வழக்கத்தைவிட ஐந்து மடங்கு வேகத்தில், வினாடிக்கு 120 பிரேம் என்று ஓட்டி, சாதாரண வேகத்தில் திரையில் காட்டினால் 0.6 வினாடி 3 வினாடியாக நீளும். கோபுரம் ஒரேயடியாக நிஜமாகிவிடும். 25-இன் வர்க்கமூலம் 5. இதில் மந்திரம் ஒன்றுமில்லை. மெடிங்ஸ் குழு வெடிப்புகளுக்கும் தூசிக்கும் இந்த முறையையே நம்பியது.

ஆனால் ஒன்றைத் தீர்த்தால் இன்னொன்று முளைக்கும். திரையில் ஒரு விமானம் மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் தரையிறங்க வேண்டுமென்றால், 25-இல் ஒரு பங்கு மாதிரி ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில், அதாவது மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஓட வேண்டும். திரையில் 10 வினாடி வருகிற ஒரு காட்சிக்கு 20 மீட்டருக்கு மேல் ஓடுபாதை போட வேண்டியிருக்கும். அத்தனை நீளத்துக்கு எங்கே போவது? மெடிங்ஸ் விமானத்தை நிறுத்திவிட்டு ஓடுபாதையை ஓடவிட்டார். உருளைகளில் சுற்றிவரும் துணிப் பட்டைதான் சாலை, மோட்டார் அதை இழுக்கும். மாதிரி அதன் மேல் ஒரே இடத்தில் நிற்கும். பின்னால் வானம் வரைந்த இன்னொரு பட்டை மெதுவாகச் சுற்றும். பக்கத்தில் இருப்பது வேகமாகவும் தூரத்தில் இருப்பது மெதுவாகவும் பின்னோக்கிப் போனால், நாம் முன்னோக்கிப் போவதாகவே கண் எடுத்துக்கொள்ளும். ஓடும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்த எல்லோரும் பார்த்திருப்பார்கள். முதல் பகுதியில் ஃபயர்ஃபிளாஷ் விமானம் சக்கரம் இல்லாமல் தரையிறங்கும் காட்சி இப்படி எடுத்ததுதான். இன்றைக்குப் பார்த்தாலும் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்க வைக்கும்.

இவ்வளவு செய்தும் மசியாதது தண்ணீர். தொட்டியில் அலை எழுப்பி, எத்தனை பிரேமில் எடுத்தாலும் நீர்த்துளியின் அளவு சுருங்குவதில்லை. துளியின் அளவைப் பரப்பு இழுவிசையும் தீர்மானிக்கிறது, அது மாதிரிக்காகத் தன்னைக் குறைத்துக்கொள்ளாது. அதனால் கடல் காட்சிகளில் கப்பலுக்குப் பக்கத்தில் தெறிக்கும் துளி ஒவ்வொன்றும் பூசணிக்காய் அளவுக்குத் தெரியும்.

இந்த வேக வித்தையைப் பொம்மை நடைக்கும் பயன்படுத்தியிருக்கலாமே என்று கேட்கலாம். பொம்மை பேசும் ஆள். வசனம் ஓடும் வேகத்தில்தான் தலையும் கையும் அசைய வேண்டும். கேமராவை 1.7 மடங்கு வேகமாக ஓட்டினால் நாடாவையும் அதே வேகத்தில் ஓட்ட வேண்டும். மேலே பாலம் போன்ற மேடையில் நின்றுகொண்டு, பொம்மையின் முகம் தெரியாமல், கேமராவோடு இணைத்த டிவி திரையைப் பார்த்துப் பொம்மையை ஆட்டும் கலைஞர்களும் 1.7 மடங்கு வேகத்தில் நடிக்க வேண்டும். பேசாத காட்சிகளில் முயன்று பார்க்கலாம்தான், ஆனால் பாதம் தரையில் ஊன்றாத குறை அப்படியே இருக்கும். எனவே சுலபமான வழியைப் பிடித்தார்கள். கதாபாத்திரத்தை எதிலாவது உட்கார வைத்துவிடு. 1961-இல் ஒளிபரப்பான அவர்களுடைய 'சூப்பர்கார்' தொடரிலேயே இந்த யோசனை தொடங்கிவிட்டது.

1967-இல் வந்த 'கேப்டன் ஸ்கார்லெட்'டில் சோலனாய்டைத் தலையிலிருந்து மார்புக்கு இறக்கினார்கள். தலை சரியான அளவுக்கு வந்தது, பொம்மைகள் அசல் மனிதர்களைப் போல அழகாயின. ஆனால் விறைத்துப்போய் நின்றன. என்னைக் கேட்டால் தண்டர்பேர்ட்ஸில் பெருத்த தலையோடு ஆடிக்கொண்டிருந்த, லேடி பெனலோப்பியின் டிரைவர் பார்க்கரே மேல். அந்தத் தலையில் கேலிச்சித்திரத்தின் உயிர் இருந்தது.

குரலை முதலில் பதிவு செய்யும் முறைக்கு அரை நூற்றாண்டு கழித்து ஓர் எதிர்பாராத பலன் கிடைத்தது. தொடர் ஓடிய காலத்தில் அதே நடிகர்களின் குரலில் சில கதைகள் இசைத்தட்டாக மட்டும் வெளிவந்திருந்தன. 2015-இல் ரசிகர்கள் பணம் திரட்ட, ஒரு குழு அந்த ஒலிப்பதிவுகளை எடுத்து, பழைய பாணியிலேயே பொம்மைகள் செய்து, அதே ஸ்லவ் தொழிற்பேட்டையில் மூன்று புதிய பகுதிகளைப் படமாக்கியது. குரல் கொடுத்தவர்களில் சிலர் அதற்கு முன்பே காலமாகியிருந்தார்கள். படப்பிடிப்புக்கு அவர்கள் வரவேண்டிய அவசியமும் இருக்கவில்லை.