சத்தம் கேட்டுவிட்டது, பேச்சு எப்போது புரியும்?

காது கேளாதவர்களின் உட்காதுக்குள் மின்சாரத் தூண்டலால் சத்தத்தை உணரவைக்கும் கருவி காக்ளியர் இம்ப்ளாண்ட். அதை அறுவை சிகிச்சையில் பொருத்தி, சில வாரங்கள் கழித்துக் காயம் ஆறியதும் கருவியை முதன்முதலாக இயக்குவோம். 'ஸ்விட்ச் ஆன்' என்று சொல்வது இந்த நாளைத்தான். ஆடியாலஜிஸ்டாக, அதாவது செவித்திறன் நிபுணராக, அந்த அறையில் எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். கருவியின் வெளிப்பகுதியில் உள்ள காந்தம் காதுக்கு மேலே ஒட்டிக்கொண்டதும் வீட்டார் எல்லோரும் குழந்தையின் முகத்தையே பார்ப்பார்கள். நான் கணினி வழியாக, உள்ளே இருக்கும் எலக்ட்ரோடுகளில் (நுண்ணிய மின்முனைகளில்) ஒன்றை மட்டும் மெல்லத் தூண்டுவேன். பொம்மையை உருட்டிக்கொண்டிருந்த கை சட்டென்று நிற்கும். அவ்வளவுதான். சில குழந்தைகள் வீறிட்டு அழும். அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாது. அந்த நிமிடம் அம்மாவின் முகம் வாடுவதைப் பார்க்க இன்றும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

அதனால் ஆபரேஷனுக்கு முன்பே இந்தக் கருவி வந்த கதையைச் சொல்லிவிடுவேன்.

உட்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியாவுக்குள் மயிர்செல்கள் இருக்கின்றன. ஒலியின் அதிர்வை நரம்புக்குப் புரியும் சமிக்ஞையாக மாற்றுவது அவைதான். மனிதர்களுக்கு அவை ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. ஆனால் அவற்றை அடுத்துள்ள செவி நரம்பு பெரும்பாலும் பிழைத்திருக்கும். அந்த நரம்பை மின்சாரத்தால் நேராகத் தூண்டினால் என்ன?

1957இல் பாரிஸில் ஆந்த்ரே ஜுர்னோ, சார்ல் எய்ரியெஸ் என்ற இரு பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதைச் செய்து பார்த்தார்கள். முழுக்கக் காது கேளாத ஒருவருக்குச் சத்தம் கேட்டது. பழகப் பழக, 'பப்பா' (அப்பா), 'மமான்' (அம்மா) போன்ற ஒருசில பிரெஞ்சுச் சொற்களைப் பிரித்தறிந்தார். பேச்சைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு அது போகவில்லை, கருவியும் பழுதாகிவிட்டது. அந்தச் செய்தி ஒரு நோயாளி மூலமாக லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவர் வில்லியம் ஹவுஸுக்கு எட்டியது. அவர் 1961இல் முயற்சியைத் தொடங்கினார். அவருடைய ஒற்றை எலக்ட்ரோட் கருவிக்கு 1984இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கதவு தட்டுவது கேட்கும், பேச்சின் தாளம் தெரியும், உதட்டசைவைப் படிக்க உதவும். சொல் மட்டும் பெரும்பாலும் பிடிபடாது.

ஏன் என்றால், காக்ளியா ஹார்மோனியக் கட்டைகள் மாதிரி. அடிப்பகுதியில் உச்ச ஸ்தாயி, சுருளின் உள்நுனியில் கீழ் ஸ்தாயி. ஒரே கட்டையை வைத்துக்கொண்டு பாட்டு வாசிக்க முடியாதே.

பல எலக்ட்ரோடுகளை அந்தச் சுருளுக்குள் ஆழமாக நுழைப்பது எப்படி? மெல்பர்ன் மருத்துவர் கிரேம் கிளார்க்கை இந்தக் கேள்வி விடவே இல்லை. செவித்திறன் குறைந்த தந்தையோடு வளர்ந்தவர் அவர். 1977இல் கடற்கரையில் சுருள் சிப்பி ஒன்றுக்குள் புல் தாளை நுழைத்துப் பார்த்தார். அடி விறைப்பாகவும் நுனி துவளும்படியும் இருந்த தாள் வளைந்து வளைந்து உள்ளே போனது. அதே தன்மையில் எலக்ட்ரோட் கம்பியைச் செய்தார். 1978 ஆகஸ்ட் 1 அன்று அவருடைய கருவியைப் பொருத்தும் முதல் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குச் சில மாதம் முன்பே, 1977 டிசம்பரில், வியன்னாவில் பொறியாளர்களான இங்கபோர்க், எர்வின் ஹோக்மைர் தம்பதியின் பல எலக்ட்ரோட் கருவி ஒருவருக்குப் பொருத்தப்பட்டிருந்தது.

அப்புறமும் ஒரு சிக்கல். பல எலக்ட்ரோடுகள் ஒரே நேரத்தில் இயங்கினால் மின்சாரம் ஒன்றோடொன்று கலந்து குழம்பும். அவற்றை ஒன்றன்பின் ஒன்றாக மிக வேகமாகத் துடிக்க வைக்கலாம் என்று அமெரிக்க ஆய்வாளர் பிளேக் வில்சனின் குழு 1991இல் காட்டியது. கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து கத்தாமல் ஆளுக்கொரு முறை பேசுவதுபோல. பேச்சு புரிவதில் பெரிய தாவல் என்றால் என் கணக்கில் இதுதான். கிளார்க், இங்கபோர்க் ஹோக்மைர், வில்சன் மூவருக்கும் 2013இல் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது கிடைத்தது.

சத்தத்திலிருந்து சொல்லுக்கு வர இத்தனை பேருக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. குழந்தையும் அதே தூரத்தைத்தான் கடக்க வேண்டும், நல்லவேளையாகச் சில வருடங்களில். பேசப் பழகிய பிறகு கேட்கும் திறனை இழந்த பெரியவரிடம் மொழி ஏற்கெனவே இருக்கிறது. பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு 'அம்மா' என்பதும் முதலில் வெறும் ஓசைதான். ஒவ்வொரு எலக்ட்ரோடுக்கும் எவ்வளவு மின்சாரம் என்று சரிசெய்யும் மேப்பிங்குக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும். விழித்திருக்கும் நேரமெல்லாம் கருவி காதில் இருக்க வேண்டும். கேட்டல், பேச்சுப் பயிற்சி வீட்டிலும் நடக்க வேண்டும்.

வயதும் முக்கியம். மூளை ஒலிக்குப் பழகும் திறன் முதல் மூன்று வருடங்களில்தான் அதிகம். பிறந்த ஒரு மாதத்துக்குள் செவித்திறன் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் ஹியரிங் எய்டும் பயிற்சியும் தொடங்குவது என்பதுதான் நாங்கள் பின்பற்றும் கணக்கு. "கதவை அறைந்தால் திரும்புகிறானே" என்று காத்திருக்காதீர்கள், அதிர்வை உணர்ந்தும் திரும்பலாம். மூளைக்காய்ச்சலுக்கு (மெனிஞ்சைட்டிஸ்) பிறகு கேட்கும் திறன் போயிருந்தால் உடனே வாருங்கள், காக்ளியாவுக்குள் எலும்பு வளர்ந்து பாதை அடைபடக்கூடும். சைகை மொழியையே தங்கள் மொழியாகக் கொண்டு நிறைவாக வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைச் சரிசெய்ய வேண்டியவர்களாக நான் பார்ப்பதில்லை.

ஸ்விட்ச் ஆன் அன்று கருவியைப் பிடுங்கி எறிந்த பையன் ஒருவன் ஒரு வருடம் கழித்து மேப்பிங்குக்கு வந்திருந்தான். கிளம்பும்போது அவன் அம்மா முதுகுப் பக்கமாக நின்று, "செருப்பு எங்கடா?" என்றார். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. நேராக வாசலுக்குப் போய், இரண்டு கையிலும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்தான்.