ஹீற்றர் ஓடினாலும் கடைக் குழாய் உறையும்

ரொறன்ரோவில் சனவரிக் குளிர் இறுகியதும், குழாய் வெடித்துவிட்டது என்று ஸ்காபரோ, மார்க்கம் பிளாசாக்களில் இருந்து எனக்கு அழைப்பு வரத் தொடங்கும். "ஹீற்றர் ஓடிக்கொண்டுதானே இருந்தது, பிறகு எப்படி?" என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். ஹீற்றர் ஓடியது உண்மை. அந்தச் சூடு குழாய் இருக்கும் இடத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான்.

கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் தெர்மோஸ்டாற் 20 என்று காட்டும். தண்ணீர்க் குழாயோ சீலிங் தட்டுகளுக்கு மேலே, பின்சுவரை ஒட்டி ஓடும். கீழே உள்ள சூட்டை அந்தத் தட்டுகள் மேலே ஏற விடுவதில்லை. கேபிள் இழுத்தவர்கள் சுவரில் ஒரு துளையை அடைக்காமல் போயிருந்தால், மைனஸ் 20-இல் அடிக்கும் காற்று நேராகக் குழாயில் படும். உணவகம் என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. சமையலறைப் புகையை இழுக்கும் விசிறியை இரவில் நிறுத்த மறந்தால், சூடான காற்றை எல்லாம் அது வெளியே தள்ளும். அதற்கு ஈடாகக் குளிர்காற்று ஒவ்வோர் இடுக்காலும் உள்ளே வரும். உறைந்த சமையலறைகளில் நான் முதலில் விசாரிப்பது இந்த விசிறியைத்தான்.

தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பருக்கும். ஆனால் பனி இருக்கும் இடத்திலேயே குழாய் பிளக்கும் என்றில்லை. பனிக்கட்டிக்கும் மூடிய டாப்புக்கும் நடுவே அகப்பட்ட தண்ணீரில் அழுத்தம் ஏறி, பெரும்பாலும் அங்கேதான் பிளக்கும். கடுங்குளிர் இரவில் டாப்பை மெல்லிதாக ஒழுக விடச் சொல்வது அந்த அழுத்தம் இறங்கத்தான். பிளந்தது உடனே தெரியாது, பனியே ஓட்டையை அடைத்திருக்கும். குளிர் தணிந்து பனி உருகும் நாளில்தான் தண்ணீர் கொட்டும். நத்தார் விடுமுறைக்குப் பூட்டிய கடை என்றால், அதைப் பார்க்க ஆளும் இருக்காது.

தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் குழாய்களை ஒழுக விட முடியாது. தண்ணீர் நிரம்பியே இருக்கும் வகை என்றால், அவை போகும் இடமெல்லாம் குறைந்தது 4 பாகை இருக்க வேண்டும். பின்கதவுப் பக்கத்தையும் பொருள் வைக்கும் அறையையும் கவனியுங்கள். ஸ்பிரிங்க்ளர் வால்வை மட்டும் நீங்களாக மூடாதீர்கள்.

குழாய்க்கு ஸ்பொஞ் உறை போட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். உறை சூடு இறங்குவதைத் தாமதப்படுத்தும், சூட்டைத் தராது. நீண்ட வார இறுதிக்கு அது தாங்காது. அதைவிடத் துளைகளை அடையுங்கள். இரவில் தெர்மோஸ்டாற்றை 13-க்குக் கீழே இறக்காதீர்கள். குளிர் கடுமையான நாளில் பின்சுவர்ப் பக்கத்துச் சீலிங் தட்டுகள் இரண்டு மூன்றைக் கழற்றி வையுங்கள். செலவே இல்லாத வேலை, பலனும் உண்டு. வெளி டாப்பில் ஹோஸைக் கழற்றி, உள்வால்வை மூடி, மிச்சத் தண்ணீரை வடித்துவிடுங்கள்.

சரி, உறைந்தே போய்விட்டது என்றால்? டாப்பைத் திறந்து வைத்து, தலைமுடி உலர்த்தும் கருவியால் டாப் பக்கத்தில் இருந்து பனியை நோக்கிச் சூடு கொடுங்கள். தீப்பிழம்பு வேண்டவே வேண்டாம், சுவருக்குள் இருக்கும் மரம் பற்றிக்கொள்ளும். தண்ணீர் பீறிட்டால் உடனே மெயின் வால்வை மூட வேண்டும். அது எங்கே இருக்கிறது என்று இரவு கடை பூட்டும் பையனுக்கும் தெரிந்திருக்கட்டும். அந்த வால்வுக்கு முன்னால் அரிசி மூட்டை அடுக்கியிருந்தால் இன்றைக்கே நகர்த்திவிடுங்கள்.