கடைசியில் வருபவரோடு யார் ஓடுகிறார்கள்?

“கொஞ்சம் உடம்பைத் தேத்திக்கிட்டு அப்புறம் சேர்ந்துக்கிறேன், மேடம்.”

ஓட்டக் குழு ஒன்றில் சேர்ந்து பாருங்கள் என்று நான் சொன்னால், என்னிடம் பிசியோதெரபி சிகிச்சைக்கு வருகிறவர்களிடமிருந்து பெரும்பாலும் இந்தப் பதில்தான் வருகிறது. புதிதாகச் சர்க்கரை நோய் தெரியவந்தவர் சொல்வார். முதுகுவலி சரியாகிக் கடைசி நாள் சிகிச்சைக்கு வந்தவர் சொல்வார். பிள்ளைகள் வளர்ந்து, தனக்கென்று தினமும் ஒரு மணி நேரம் மிஞ்சத் தொடங்கிய பெண்மணி சொல்வார். பேச்சைக் கொஞ்சம் வளர்த்தால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். எல்லாரும் முன்னே போய்விடுவார்கள், நான் மட்டும் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பேன், அதை நாலு பேர் பார்ப்பார்கள் என்ற கூச்சம்தான்.

அந்தக் கூச்சத்தை நான் லேசாக எடுத்துக்கொள்வதில்லை. சில குழுக்களில் அப்படித்தான் நடக்கிறது. அதனால் ஏதாவது ஒரு குழுவில் சேருங்கள் என்று பொதுவாகச் சொல்லி அனுப்பாமல், ஒருநாள் போய்ப் பார்த்து ஒரே ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தெரிந்துகொண்டு வரச் சொல்கிறேன். கடைசியில் வருபவரோடு யார் ஓடுகிறார்கள்?

‘யார் வேண்டுமானாலும் வரலாம்’ என்று எல்லாக் குழுக்களும்தான் அறிவிப்பில் போடுகின்றன. அது எவ்வளவு தூரம் உண்மை என்பது ஓட்டம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். வேகக்காரர்கள் கண்ணுக்கு மறைந்து, பின்னால் ஒருவர் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் நின்றால், அறிவிப்பில் எழுதியதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை. நல்ல குழுவில் இதற்கென்றே ஓர் ஆள் இருப்பார், ஸ்வீப்பர் என்பார்கள். அன்றைக்குத் தன் ஓட்டத்தை விட்டுக்கொடுத்துவிட்டுக் கடைசி ஆளுக்குத் துணையாக வருவதுதான் அவர் வேலை. வேறு சில குழுக்களில் முன்னே போனவர்கள் அவ்வப்போது திரும்பி வந்து, பின்னால் வருபவரைத் தாண்டிச் சுற்றிக்கொண்டு மறுபடி முன்னே போவார்கள். எனக்கு மிகவும் பிடித்தது நேரக் கணக்கு. பதினைந்து நிமிடம் அவரவர் வேகத்தில் ஒரே திசையில் போக வேண்டும். நேரம் முடிந்ததும் எங்கே இருக்கிறோமோ அங்கேயே திரும்ப வேண்டும். வேகமாகப் போனவருக்குத் திரும்பும் தூரமும் கூடுதல், மெதுவாகப் போனவருக்குக் குறைவு. எல்லாரும் ஏறத்தாழ ஒன்றாக வந்து சேர்வார்கள். யாரும் யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம், காக்க வைத்துவிட்டோமே என்ற சங்கடமும் இல்லை.

லண்டனின் புஷி பூங்காவில் 2004 அக்டோபரில் 13 பேரோடு தொடங்கி, இன்று பல நாடுகளில் வாராவாரம் நடக்கும் பார்க்ரன் என்ற 5 கிலோமீட்டர் இலவச ஓட்டத்தில் ‘டெயில் வாக்கர்’ என்று ஒரு தன்னார்வலர் இருக்கிறார். எல்லாருக்கும் பின்னால் நடந்து வந்து, முடிவுக்கோட்டைக் கடைசியாகத் தொடுபவர் அவர்தான். நீங்கள் முழுத் தூரத்தையும் நடந்தே வந்தாலும் கடைசி ஆள் நீங்கள் இல்லை. சின்ன ஏற்பாடுதான். ஆனால் அதை யோசித்தவருக்கு என்னிடம் வருகிறவர்களின் மனசு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

இந்த வழக்கத்துக்கு வயது அதிகம். ஆர்தர் லிடியார்ட் என்ற நியூசிலாந்துப் பயிற்சியாளர் 1960களின் தொடக்கத்தில் ஆக்லாந்தில் சாதாரண மக்களையும் இதய நோயாளிகளையும் மெதுவோட்டத்துக்குப் பழக்கிக்கொண்டிருந்தார். அமெரிக்காவின் ஆரிகன் பல்கலைக்கழகத் தடகளப் பயிற்சியாளர் பில் போவர்மன் 1962 இறுதியில் அங்கே போனபோது, அந்த ஓட்டத்தில் அவரும் கலந்துகொண்டார். ஐம்பதைத் தாண்டியிருந்த அவரால் கூட்டத்தோடு ஈடுகொடுக்க முடியவில்லை. எழுபதைத் தாண்டிய, மாரடைப்பிலிருந்து மீண்டிருந்த ஒரு பெரியவர்தான் வேகத்தைக் குறைத்துக்கொண்டு அவரோடு பேசியபடியே கூட வந்தார். ஊர் திரும்பிய போவர்மன் அங்கே பொதுமக்களுக்கு மெதுவோட்டம் கற்றுத்தரத் தொடங்கினார். 1967இல் ஓர் இதய மருத்துவரோடு சேர்ந்து அதைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். அமெரிக்காவில் ஜாகிங் பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அன்றைக்கு அந்தப் பெரியவர் தன் வேகத்தில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு.

இனி என் தொழில் பக்கம். ஓடத் தொடங்கிய புதிதில் அடிபட்டு வருகிறவர்களிடம் நான் காணும் பொதுவான காரணம் வேகமும் அவசரமும்தான். ஷூ, ஓடும் பாணி, தரை இவையெல்லாம் அதற்குப் பிறகு. தொடர்ந்து ஓடினால் இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறத் தொடங்கும். தசைநாண்களும் எலும்பும் அந்த வேகத்தில் மாறுவதில்லை, அவற்றுக்கு மாதக்கணக்கில் ஆகும். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டிலிருந்து மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. நாலைந்து வாரம் போனதும் மூச்சு வாங்குவது குறையும். ‘இன்னும் போகலாம் போலிருக்கிறதே’ என்று தோன்றும். போவார்கள். கீழே, கணைக்கால் எலும்பு அதற்குத் தயாராக இருக்காது. கணுக்காலுக்கு மேலே அந்த எலும்பின் உள்விளிம்பு நெடுக வலிக்கும். அதையும் பொருட்படுத்தாமல் ஓடினால் எலும்பில் நுண்விரிசல் வரை போகும்.

ஓட்டக் குழுவின் நன்மை என்று கேட்டால் உற்சாகம், நட்பு, ஒழுங்கு என்பார்கள். எல்லாம் சரிதான். பிசியோவாக எனக்கு முக்கியமாகப் படுவது, நல்ல குழு உங்களை நிதானப்படுத்தும் என்பது. பேசிக்கொண்டே ஓட வைக்கும். முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒரு மூச்சு வேண்டியிருந்தால் அதிகம். இதற்குக் கைக்கடிகாரம்கூட வேண்டாம். தனியாக, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு ஓடுகிறவருக்கு இந்த அளவுகோல் இல்லை.

குழு இழுக்கவும் செய்யும் என்பதையும் சொல்ல வேண்டும். 1920களில் ஓட்டோ கோலர் என்ற ஜெர்மன் உளவியலாளர் பெர்லின் படகோட்டிகளைத் தனியாகவும் ஜோடியாகவும் எடை தூக்க வைத்துப் பார்த்தார். ஜோடியில் பலம் குறைந்தவர், தனியாக இருந்தால் தாங்குவதைவிட அதிக நேரம் தாங்கினார். பலத்தில் இருந்த வித்தியாசம் மிதமாக இருந்தபோதுதான் இது நன்றாக வேலை செய்தது. இந்த இழுப்புதான் மழையிலும் உங்களை வீட்டைவிட்டுக் கிளப்புகிறது. இதுவேதான் உங்களைவிட ரொம்ப வேகமான ஒருவர் பக்கத்தில் ஓட வைத்துக் கெண்டைக்காலைப் பிடித்துக்கொள்ளவும் செய்கிறது. ஆகவே வேகத்துக்கு ஏற்பப் பிரித்து ஓடும் குழுவாக இருந்தால், உங்களுக்குச் சரி என்று தோன்றுவதைவிட ஒரு படி கீழே சேருங்கள். அலுப்பாக இருந்தால் அடுத்த மாதம் மேலே போய்க்கொள்ளலாம்.

நடுவில் நடப்பதற்கு வெட்கப்பட வேண்டாம். ஒரு நிமிடம் ஓட்டம், ஒன்றரை நிமிடம் நடை என்று தொடங்கும் முறை பல குழுக்களில் உண்டு. 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் காலோவே, ஓட்டத்தையும் நடையையும் கலந்து பழக்கும் முறையைப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தே பேர் வாங்கினார். ஒன்பது வாரத்தில் 5 கிலோமீட்டர் ஓட வைக்கும் ‘கவுச் டு 5கே’ திட்டமும் வாரத்துக்கு மூன்று நாள், நடையோடுதான் தொடங்குகிறது. ஒன்பது வாரம் என்பதை யாரும் கெடுவாக எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. என்னிடம் வந்த ஐம்பது வயது ஆசிரியை ஒருவர் ஒரே வாரப் பாடத்தைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருந்தார். “ஃபெயிலான பிள்ளையை அதே வகுப்பில் உட்கார வைக்கிற மாதிரி இருக்கு மேடம்” என்று சிரிப்பார். அவருடைய குதிகால் அதற்கு நன்றி சொல்லியிருக்கும்.

முழங்கால் தேய்ந்துவிடுமே என்ற கேள்வி வராத நாள் இல்லை. 2017இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில், இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் பொழுதுபோக்காக ஓடுகிறவர்களில் 3.5 சதவீதம் பேருக்கும், ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம் பேருக்கும், போட்டிக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களில் 13.3 சதவீதம் பேருக்கும் இருந்தது. ஓடியதால்தான் குறைந்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, மூட்டு நன்றாக இருப்பவர்களே தொடர்ந்து ஓடுகிறார்கள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் வாரத்துக்கு மூன்று நாள் மெதுவாக ஓடுவது மூட்டைத் தின்றுவிடும் என்ற பயத்துக்கு இதில் இடமில்லை. ஏற்கெனவே தேய்மானம் இருப்பவர் மட்டும் முதலில் ஒருமுறை காட்டிவிட்டு, தொடைத் தசைக்கு வலுப் பயிற்சியும் சேர்த்துச் செய்வது நல்லது.

வலிக்கு நான் வைத்திருக்கும் கணக்கு சுலபமானது. பத்துக்கு மூன்று வரை, ஓட ஓடக் கூடாமல், மறுநாள் காலையில் அடங்கிவிட்டால் தொடரலாம். நொண்ட வைக்கும் வலி என்றால் அன்றைக்கு நிறுத்த வேண்டும். எலும்பின் மேல் ஒரே ஒரு புள்ளியை விரலால் தொட்டுக் காட்ட முடிகிற வலியோடு ஓடவே கூடாது. ‘தாங்கிக்க, பழகிடும்’ என்று சொல்லும் குழுத்தலைவரையும், ஓட்டத்துக்கு முன்னால் வலி மாத்திரை போட்டுக்கொள்ளச் சொல்லும் சக ஓட்டக்காரரையும் நம்ப வேண்டாம். உடம்பில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

பெண்கள் என்னிடம் தயங்கித் தயங்கிச் சொல்வது இன்னொன்று. ஓடும்போதும் குதிக்கும்போதும் சிறுநீர் கசிகிறது. இதைச் சொல்லாமலே பாதியில் நின்றுபோனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! சிறுநீர்ப்பையைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளுக்கான பயிற்சியால் பெரும்பாலும் குறைக்கக்கூடிய பிரச்சினை இது. பிரசவத்துக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் கழித்து, அதுவும் தசை வலுவைப் பார்த்த பிறகே ஓட்டத்துக்குத் திரும்பச் சொல்கிறோம். குழுவில் பெண் வழிகாட்டி ஒருவராவது இருந்தால் இந்தப் பேச்சு சீக்கிரம் வெளியே வரும். இருட்டு நேரத்தில் எந்த வழியாகப் போகிறார்கள், எல்லாரும் திரும்பிவிட்டார்களா என்று யார் பார்க்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் அதுவே பதில்.

யார் மருத்துவரைப் பார்த்த பிறகுதான் வர வேண்டும்? நடக்கும்போதோ படி ஏறும்போதோ நெஞ்சில் அழுத்தம் வருபவர், மயங்கி விழுந்தவர், காரணமில்லாமல் படபடப்பு வருபவர், இதய நோய் உள்ளவர், குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நடந்தவர். இவர்கள் முதலில் அங்கே போகட்டும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுகிறவரும், சர்க்கரையைத் தாழ்த்திவிடக்கூடிய மாத்திரை எடுப்பவரும் மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, கையில் 15 கிராம் குளுக்கோஸாவது வைத்திருக்க வேண்டும். ஓடி முடித்ததும் பாதத்தைப் பார்க்க வேண்டும், உணர்ச்சி குறைந்த காலில் கொப்புளம் வந்தது தெரியாது. ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் எடுப்பவருக்கு நாடித்துடிப்பு அதிகம் ஏறாது. கைக்கடிகாரம் ‘இன்னும் வேகமாகப் போ’ என்று சொன்னால் கேட்காமல், பேச்சு அளவுகோலையே நம்புங்கள். ஆஸ்துமாக்காரர் இன்ஹேலரை வீட்டில் வைத்துவிட்டு வரக் கூடாது.

இதையெல்லாம் எல்லார் காதிலும் போட வேண்டியதில்லை. முதல் நாள் பத்து நிமிடம் முன்னதாகப் போய், குழுவை நடத்துபவரைத் தனியாகப் பார்த்து, இருக்கிற நோயையும் எடுக்கிற மாத்திரையையும், ஏதாவது ஆனால் யாரை அழைப்பது என்பதையும் சொல்லிவிடுங்கள். நல்ல குழு என்றால் அவர்களே ஒரு படிவம் வைத்திருப்பார்கள். நெஞ்சு அழுத்தி முதலுதவி செய்யத் தெரிந்தவர் யார் என்று நீங்களும் கேளுங்கள். ஷூவைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டாம், போட்டதும் காலுக்குச் சுகமாக இருந்தால் போதும்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் தீவிரமானது. குழு வாரத்துக்கு இரண்டு நாள்தான் கூடுகிறது என்றால், மற்ற நாட்களில் நடந்தே இதை நிரப்பிவிடலாம். காய்ச்சலோ வேலையோ குறுக்கே வந்து மூன்று நாலு வாரம் போக முடியாமல் போவது எல்லாருக்கும் நடக்கும். அப்போதுதான் நிறைய பேர் ‘இனிமேல் எந்த முகத்தோடு போவது’ என்று நின்றுவிடுகிறார்கள். விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் ஒரு படி மெதுவான குழுவில், பாதித் தூரத்தில் தொடங்குங்கள். அதற்கு முந்தைய நாள் குழுவை நடத்துபவருக்கு ஒரு வரி அனுப்பிவிட்டால் போதும்: “ஒரு மாசம் வரல, நாளைக்கு வரேன், ஸ்வீப்பர் கூட ஓடட்டுமா?”