லேப் ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’: எது பாசிட்டிவ் என்று பாருங்கள்

‘பாசிட்டிவா நினைங்க’ என்று ஆளாளுக்குச் சொல்லும் அதே சொல், லேப் ரிப்போர்ட்டில் வந்துவிட்டால் வீட்டில் யாருக்கும் சோறு இறங்குவதில்லை. நான் நோய்க்குறியியல் மருத்துவர். ரிப்போர்ட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது என் வேலை. எங்களுக்குப் பாசிட்டிவ் என்றால் ‘தேடினோம், இருக்கிறது’. நெகட்டிவ் என்றால் ‘தேடினோம், அகப்படவில்லை’. நல்லதா கெட்டதா என்பது எதைத் தேடினோம் என்பதைப் பொறுத்தது.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கான பரிசோதனையில்தான் இந்தக் குழப்பத்தை அதிகம் பார்க்கிறேன். ஹெச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் என்றால் வைரஸ் உடம்பில் இருக்கிறது. ஆன்டி-ஹெச்பிஎஸ் பாசிட்டிவ் என்றால் அந்த வைரஸுக்கு எதிரான எதிர்ப்புச் சக்தி இருக்கிறது. பெயர் கிட்டத்தட்ட ஒன்று, அர்த்தம் நேர் எதிர். நர்சிங் படிக்கும் ஒரு பெண், மூன்று தவணை தடுப்பூசியும் போட்டு முடித்து, கல்லூரியில் கேட்டார்கள் என்று ஆன்டி-ஹெச்பிஎஸ் பார்த்திருந்தாள். ரிப்போர்ட்டில் ‘பாசிட்டிவ்’ என்பதை மட்டும் படித்த அவளுடைய அம்மா, மகளுக்குத் தட்டும் டம்ளரும் தனியாக எடுத்து வைத்துவிட்டு அழுதுகொண்டே லேபுக்கு வந்தார். 10 யூனிட்டுக்கு மேல் இருந்தாலே போதும் என்கிற பரிசோதனையில் அந்தப் பெண்ணுக்கு அதைப் போலப் பல மடங்கு இருந்தது. “ஊசி நல்லா வேலை செஞ்சிருக்கும்மா, இது சந்தோஷப்பட வேண்டிய ரிசல்ட்” என்று சொல்லி, ஒவ்வொரு வரியாகக் காட்டிய பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. இன்னொன்றும் சொல்லி அனுப்பினேன்: வைரஸே இருந்தாலும் ஹெபடைடிஸ் பி சாப்பாட்டுத் தட்டு வழியாகப் பரவாது. யாரையும் அப்படி ஒதுக்கி வைக்கத் தேவையில்லை.

மார்பகப் புற்றுநோய் ரிப்போர்ட்டில் இந்தச் சொல் பக்கத்துப் பக்கத்திலேயே வெவ்வேறு வேலை செய்யும். ‘இ.ஆர். பாசிட்டிவ்’ என்றால் அந்தச் செல்களில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி இருக்கிறது என்று பொருள். டமாக்ஸிஃபென் போன்ற மாத்திரைகள் கேட்கும் வகை, ஆகவே நம்பிக்கை தரும் செய்தி. ‘ஹெர்2 பாசிட்டிவ்’ என்றால் செல்லை வேகமாக வளரத் தூண்டும் ஹெர்2 என்ற புரதம் அதிகமாக இருக்கிறது. ஒரு காலத்தில் மருத்துவர்களே பயந்த முடிவு. 1998-இல் டிராஸ்டுசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்த பிறகு அந்த நிலைமை பெரிதும் மாறியது. ஆனால் ‘மார்ஜின் பாசிட்டிவ்’, அதாவது வெட்டிய ஓரத்தில் புற்றுநோய் இருப்பது, அப்படியில்லை. வெட்டி எடுத்த சதையின் வெளிப்புறம் முழுக்க மை தடவி, மெல்லிசாகச் சீவி, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்போம். புற்றுநோய் செல் அந்த மையைத் தொட்டுக்கொண்டிருந்தால் உள்ளேயும் மிச்சம் இருக்கலாம். மறுபடி அறுவை சிகிச்சை தேவைப்படலாம். ‘மூணு இடத்துல பாசிட்டிவ்னு போட்டிருக்கு’ என்று எண்ணிக்கை சொல்லிக் கலங்குபவர்களிடம், தயவுசெய்து எண்ணாதீர்கள், ஒவ்வொன்றும் எது என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள் என்பேன்.

ரத்தப் பிரிவில் வரும் பாசிட்டிவ், நெகட்டிவ் நோயே இல்லை. ஆனால் கர்ப்பிணிக்கு ஆர்ஹெச் நெகட்டிவ் என்றால் முதல் செக்கப்பிலேயே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். பிறக்கும் குழந்தை பாசிட்டிவாக இருந்தால் 72 மணி நேரத்துக்குள் தாய்க்கு ஆன்டி-டி ஊசி போட வேண்டும். காசநோய்க்காகத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் மான்டூ பரிசோதனையில் பாசிட்டிவ் என்பது பெரும்பாலும் காசநோய்க் கிருமி எப்போதோ உள்ளே வந்திருக்கிறது என்பதற்கான அடையாளம். நம் நாட்டில் ஆரோக்கியமாக இருக்கும் பலருக்கும் அப்படி வரும்.

எச்ஐவி முதல்கட்டப் பரிசோதனையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இந்தியாவில் 15 முதல் 49 வயதுக்காரர்களில் தொற்று சுமார் 0.2 சதவீதம். ஆயிரம் பேரைச் சோதித்தால் இரண்டு பேருக்கு இருக்கும். ஒரு கிட் நூற்றுக்கு ஒரு தடவை தவறாகக் காட்டுகிறது என்று வையுங்கள் (உண்மையில் கிட்கள் இதைவிடத் துல்லியமானவை, கணக்குக்காகச் சொல்கிறேன்). தொற்றே இல்லாத சுமார் பத்துப் பேருக்கும் பாசிட்டிவ் காட்டும். அதனால்தான் முதல் ரிசல்ட்டை வைத்து யாருக்கும் முடிவு சொல்வதில்லை. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு மூன்று வெவ்வேறு பரிசோதனைகளிலும் வந்தால்தான் உறுதி. அரசு மருத்துவமனைகளில் இருக்கும் நம்பிக்கை மையத்தில் இதை இலவசமாகவும் ரகசியமாகவும் செய்கிறார்கள். அதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட்டை அனுப்பிச் சொந்தக்காரரிடம் விளக்கம் கேட்காதீர்கள்.

அப்புறம் நெகட்டிவ். டெங்குவில் இது ஆபத்தாகவே முடியலாம். வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 பரிசோதனை காய்ச்சலின் முதல் ஐந்து நாட்களில்தான் நன்றாகக் காட்டும். அதற்குப் பிறகு, வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளான ஐஜிஎம் பார்க்க வேண்டும். ஏழாம் நாள் வந்து என்எஸ்1 மட்டும் பார்த்து, ‘நெகட்டிவ், டெங்கு இல்லை’ என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் சிக்கலான நேரம். அப்போது கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், எழுந்திருக்க முடியாத சோர்வு இவற்றில் எது தெரிந்தாலும், ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி, உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். காய்ச்சல் எந்தத் தேதியில் தொடங்கியது என்பதையும் அங்கே சொல்லுங்கள்.