‘வரிசை மாற்றமா, சேர்வா?’ என்று கேட்பதற்கு முன்

டிஸ்கிரீட் மேத்தமேட்டிக்ஸ் வகுப்பில் எண்ணுதல் கணக்கு ஒன்றை நான் பலகையில் எழுதி முடிப்பதற்குள் கேள்வி வந்துவிடும்: “சார், இது வரிசை மாற்றமா, சேர்வா?” எடுக்கும் வரிசையும் முக்கியமென்றால் அது வரிசை மாற்றம் (permutation); யார் யார் என்பது மட்டும் போதுமென்றால் சேர்வு (combination). பிளஸ் ஒன்னில் இரண்டு வாய்பாடுகளையும் மனப்பாடம் செய்து வந்தவர்கள் வேறு எதைக் கேட்பார்கள்? ஆனால் எதை எண்ணுகிறோம் என்று தெரியாதவரை எந்த வாய்பாடும் உதவாது. நல்ல மாணவர்கள்கூட இங்கேதான் மதிப்பெண்ணை இழக்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 5 ஆண்கள், 4 பெண்கள் இருக்கிறார்கள். குறைந்தது 2 பெண்களாவது இருக்கும்படி 4 பேர் கொண்ட குழுவை எத்தனை விதமாக அமைக்கலாம்?

பெரும்பாலோர் இப்படித்தான் போடுவார்கள்: முதலில் 2 பெண்களைத் தேர்ந்தெடுத்துவிட்டால் நிபந்தனை தீர்ந்தது, அதற்கு 6 வழிகள். மீதமுள்ள 7 பேரில் யாரேனும் இருவரைச் சேர்க்க 21 வழிகள். 6 × 21 = 126.

ஒவ்வொரு படியும் சரியாகவே தோன்றும். ஆனால் நிபந்தனை எதுவும் இல்லாமல் 9 பேரிலிருந்து 4 பேரைத் தேர்ந்தெடுக்கும் வழிகளே மொத்தம் 126தான். பெண்களே இல்லாத குழுக்கள் 5, ஒரே பெண் உள்ளவை 40. இந்த 45 குழுக்களையும் விலக்கிய பிறகும் 126 எப்படி வரும்?

வள்ளி, மலர், கயல் மூவரும் முருகனும் உள்ள குழுவை எடுத்துக்கொள்ளுங்கள். வள்ளியையும் மலரையும் முதலில் எடுத்துக் கயலைப் பிறகு சேர்த்தாலும், மலரையும் கயலையும் முதலில் எடுத்து வள்ளியைப் பிறகு சேர்த்தாலும் குழு ஒன்றுதான். மேலே சொன்ன முறை அதை மூன்று முறை எண்ணிவிடுகிறது. நால்வரும் பெண்களாக இருந்தால் 6 முறை. 2, 3, 4 பெண்கள் உள்ள குழுக்கள் முறையே 60, 20, 1. எனவே 60 + 20×3 + 1×6 = 126. சரியான விடை 60 + 20 + 1 = 81. 126இலிருந்து அந்த 45ஐக் கழித்தாலும் அதே 81.

ஆகவே மாணவர்களிடம் நான் வற்புறுத்துவது ஒன்றுதான். கணக்கு எண்ணச் சொல்பவற்றில் (மேலே பார்த்த கணக்கில், குழுக்களில்) ஒன்றைக் கையில் எடுத்து, உங்கள் முறைப்படி அதை எத்தனை விதமாக உருவாக்க முடிகிறது என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு விதம் என்றால் முறை சரி. எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணிக்கை, உதாரணமாக 6 விதம், என்றால் மொத்தத்தை அந்த எண்ணால் வகுத்தால் போதும். வரிசை மாற்றத்திலிருந்து சேர்வு பிறப்பதே இப்படித்தான். ஒன்றுக்கு 1, இன்னொன்றுக்கு 3 என்று மாறினால் வகுத்தும் பயனில்லை. வகை பிரித்துத்தான் எண்ண வேண்டும்.

பொருள்கள் ஒரே மாதிரியானவையா, வெவ்வேறா என்பதையும் வினாவிலேயே தேடுங்கள். ஒரே மாதிரியான 10 லட்டுகளை 3 குழந்தைகளுக்குப் பகிர 66 வழிகள் (ஒரு குழந்தைக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம் என்றால்). வெவ்வேறான 10 புத்தகங்களைப் பகிர 59,049 வழிகள்.

இரண்டு வழியில் எண்ணிப் பார்ப்பது நல்ல பழக்கம். பழைய ஆயுர்வேத நூலான சுஸ்ருத சம்ஹிதை அறுசுவைகளைக் கொண்டு 63 வகைகளைச் சொல்கிறது. ஒரு சுவை, இரு சுவை என்று வரிசையாகக் கூட்டினால் 6 + 15 + 20 + 15 + 6 + 1 = 63. ஒவ்வொரு சுவையும் உண்டு அல்லது இல்லை என்று கொண்டால் 64; சுவையே இல்லாத ஒன்றைக் கழித்தால் அங்கும் 63.

தேர்வில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள். கணக்கைச் சிறிதாக்கிப் பாருங்கள்: 2 பெண்கள், 1 ஆண், இருவர் குழு, குறைந்தது ஒரு பெண். விரல்விட்டு எண்ணினால் 3 குழுக்கள். அந்தத் தவறான முறையோ 2 × 2 = 4 என்கிறது. இதைக் கண்டுபிடிக்க அரை நிமிடம் போதும். கொள்குறி வினாவாக இருந்தால் 126 என்ற விடையும் பெரும்பாலும் கொடுக்கப்பட்ட நான்கு விடைகளில் ஒன்றாகக் காத்திருக்கும்.