கிக் தொழிலாளர்: சொல்லும் பொருளும்

கிக்: ஒரு முறை செய்து முடித்து, அதற்கு மட்டும் கூலி வாங்கிக்கொள்ளும் வேலை. மாதச் சம்பளம் கிடையாது. அடுத்த வேலை வருமென்ற உறுதியும் கிடையாது.

சொல் பிறந்தது அமெரிக்க இசைக்கலைஞர்களிடம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாஸ் வாத்தியக்காரர்கள் ஓரிரவு வாசிக்க ஒப்புக்கொண்ட நிகழ்ச்சியை ‘கிக்’ என்றார்கள். அதற்கு முந்தைய வேரை அகராதிகள் உறுதிசெய்யவில்லை. நம் மேளக்காரர்கள் “தை மாசம் நாலு கச்சேரி இருக்கு” என்னும்போது வரும் ‘கச்சேரி’ ஏறக்குறைய இதுதான்: அச்சாரம், வாசிப்பு, மீதிப் பணம், அத்தோடு கணக்கு முடிந்தது.

2008 நிதி நெருக்கடிக்குப் பின் இச்சொல் இசையரங்கைத் தாண்டிப் பரவியது. 2009இல் சான்ஃபிரான்சிஸ்கோவில், செயலிவழி வாடகைக்கார் நிறுவனமான ஊபர் தொடங்கியது. 2010இல் வந்த, சிறு வேலைகளை இணையத்தில் விற்க உதவும் ஃபைவர் தளம், தன்னிடம் விற்கப்படும் ஒவ்வொரு சேவைக்கும் ‘கிக்’ என்றே பெயர் வைத்தது.

செயலி நிறுவனங்கள் ஓட்டுநரைத் தொழிலாளி என்பதில்லை. ‘பார்ட்னர்’, அதாவது தனக்குத்தானே முதலாளி என்கின்றன. உணவு கொண்டுபோகும் ஒரு தம்பியைக் கேட்டுப் பாருங்கள். வண்டி அவருடையது, பெட்ரோல் அவர் காசு. ஆனால் எந்த ஆர்டர் விழும், அதற்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது செயலி. உணவகத்தில் காத்துக்கிடக்கும் நேரத்துக்குப் பெரும்பாலும் காசில்லை. ரேட்டிங் இறங்கினால் ‘ஐடி பிளாக்’, அதாவது செயலிக் கணக்கு முடக்கம். விலையும் விதியும் தன் கையில் இல்லாத ஒருவரை எப்படி முதலாளி என்பது?

2021 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பார்த்தது. கட்டணத்தை ஊபரே நிர்ணயிக்கிறது, சவாரிகளை மறுத்தால் தண்டிக்கிறது என்பதைச் சுட்டி, ஓட்டுநர்கள் குறைந்தபட்ச ஊதியத்துக்கும் சம்பளத்துடன் கூடிய விடுப்புக்கும் உரியவர்கள் என்று தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஸ்பெயின், உணவு விநியோகம் செய்பவர்களை ஊழியர்களாகவே கருதச் சட்டம் போட்டது.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, மரபான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே உழைத்துச் சம்பாதிப்பவர் என்று கிக் தொழிலாளர்களை வரையறுத்தது. 2020–21இல் இவர்கள் சுமார் 77 லட்சம் பேர் என்பது நிதி ஆயோக்கின் மதிப்பீடு. தமிழ்நாடு அரசு 2023இல் தனி நல வாரியமே அமைத்தது.

தமிழில் என்ன சொல்லலாம்? ‘கிக்’ என்று அப்படியே எழுதினால் போதை, உதை என்ற பொருள்கள் முந்திக்கொள்கின்றன. ‘தற்காலிகப் பணியாளர்’ பொருந்தாது. பல ஆண்டுகளாக இதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் உண்டு. ‘ஒப்பந்தத் தொழிலாளர்’ என்றால் நடுவில் ஒப்பந்ததாரர் இருக்க வேண்டும். ‘சுயதொழில் செய்வோர்’ என்பதை நான் ஏற்கவே மாட்டேன். நிறுவனங்களின் வாதத்தை அது அப்படியே ஒப்புக்கொள்கிறது.

என் தேர்வு ‘உதிரிப்பணி’. சரமாகக் கட்டாத பூவை உதிரிப்பூ என்கிறோமே, அந்த உதிரி. வேலைகள் ஒன்றோடொன்று கோக்கப்படாமல் தனித்தனியாக வருவதை அது சொல்லிவிடுகிறது. செயலி மூலம் வருவதைச் ‘செயலிவழி உதிரிப்பணி’ எனலாம். செய்பவர் உதிரிப்பணித் தொழிலாளர். ‘பங்குதாரர்’ என்று எழுத வேண்டாம்.

பயன்பாடு: “உதிரிப்பணித் தொழிலாளர்களுக்கும் விபத்துக் காப்பீடு வேண்டும்.”