கரியைப் பார்த்ததும் பெட்ரோல் என்று சொல்லாதீர்கள்

"சார், இது ஆறாவது தடவை. யாருன்னு எங்களுக்குத் தெரியும். நீங்க வந்து ரிப்போர்ட் மட்டும் குடுத்துட்டா போதும்."

தீ எங்கே தொடங்கியது என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. வைத்தவன் பெயர் மட்டும் தயார். தீ விபத்து விசாரணையில் இருப்பவனுக்கு இதைவிட எரிச்சலூட்டும் அழைப்பு கிடையாது. இந்த வருடத்தில் இப்படி எத்தனை வந்தன என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

அழைத்தது ஒரு குடியிருப்பு வளாகத்தின் குடியிருப்போர் சங்கம். பதினோரு வாரத்தில் ஆறு தீ. சந்தேகம் இரவுக் காவலாளி மேல். காரணம் கேட்டால், நான்கு தடவை முதலில் பார்த்துச் சத்தம் போட்டவர் அவர்தானாம். இரவெல்லாம் விழித்திருந்து சுற்றி வருவதற்குத்தானே அவருக்குச் சம்பளம்? அவர் பார்க்காமல், ஒன்பதாவது மாடியில் தூங்குகிறவரா பார்ப்பார்? போதாததற்கு, இரண்டாவது தீக்குப் பிறகு "இன்னும் ரெண்டு ரவுண்டு கூடப் போங்க" என்று அவரை அனுப்பியதும் இதே சங்கம்தான்.

செயலாளர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். எரிந்துபோன காலி வீட்டின் கூடம். தரையில் ஓரம் நெளிந்த கருப்புத் திட்டு ஒன்று. ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்தால் எப்படிப் பரவுமோ அப்படி. "இதுக்கு மேல என்ன சார் ஆதாரம் வேணும்? ஊத்தியிருக்கான்."

இந்தத் திட்டைப் பற்றிப் பேசிப் பேசியே எனக்குத் தொண்டை வற்றிவிட்டது. இருந்தாலும் இன்னொரு தடவை சொல்கிறேன். தீ மேலேதான் ஏறும், ஆகவே தரை எரிந்திருந்தால் தரையில் எதையோ ஊற்றியிருக்கிறார்கள் என்பது உங்கள் கணக்கு. முதல் சில நிமிடங்களுக்கு அது சரி. அதற்குப் பிறகு கூரையடியில் சேர்ந்த சூடான புகை 500, 600 டிகிரி செல்சியஸை நெருங்கும். அப்போது அந்தப் புகைப்படலமே கீழ்நோக்கி அனல் வீசும். சோபா, மேசை, தரைவிரிப்பு எல்லாம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் குப்பென்று பிடித்துக்கொள்ளும். ஃபிளாஷ் ஓவர் என்பது இதைத்தான். அதன் பிறகு தரையும் எரியும், கதவின் அடிப்பக்கமும் எரியும். காற்று வரும் இடத்தில் ஆழமாக எரியும், கனமான சாமான் நின்ற இடம் தப்பிக்கும். சோபாவின் ஃபோம் உருகிக் குட்டையாகத் தேங்கி, அதுவும் தனியாக எரியும். எல்லாம் அணைந்த பிறகு தரையில் மிஞ்சுவது, ஊற்றிக் கொளுத்தியது போலவே இருக்கும். வெறும் கண்ணால் இரண்டையும் பிரிக்க முடியாது. இத்தனை வருட அனுபவத்துக்குப் பிறகு என்னாலும் முடியாது.

அமெரிக்காவில் ஜாக்சன்வில் நகரில் 1990-இல் ஒரு வீடு எரிந்து ஆறு பேர் இறந்தார்கள். தரைத் திட்டுகளைப் பார்த்து, வீட்டுக்காரரே பெட்ரோல் ஊற்றினார் என்று வழக்கு. பக்கத்தில் அதே அமைப்பில் இடிக்க இருந்த வீடு ஒன்று கிடைக்க, அதே மாதிரிச் சாமான்களைப் போட்டு, சோபாவில் மட்டும் நெருப்பு வைத்துச் சோதித்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் ஃபிளாஷ் ஓவர். ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமல் அதே திட்டுகள். வழக்கைக் கைவிட்டார்கள்.

எங்கள் தொழிலின் மானத்தை வாங்கிய சோதனை ஒன்றும் உண்டு. 2005-இல் லாஸ் வேகாஸில், ஃபிளாஷ் ஓவருக்குப் பிறகு இரண்டு நிமிடமே எரியவிட்ட ஓர் அறையைக் காட்டி, தீ எந்தக் கால்பகுதியில் தொடங்கியது என்று 53 புலனாய்வாளர்களிடம் கேட்டார்கள். சரியாகச் சொன்னது மூன்று பேர். கண்ணை மூடிக்கொண்டு ஒரு மூலையைக் காட்டியிருந்தால்கூட இதைவிட அதிகம் பேர் தேறியிருப்பார்கள்.

செயலாளர் காட்டிய திட்டு எங்கே நீண்டிருந்தது தெரியுமா? திறந்து கிடந்த பால்கனிக் கதவை நோக்கி.

வலைப்பின்னலாக வெடித்த ஜன்னல் கண்ணாடியும் இப்படித்தான். பெட்ரோலின் வேகமான சூட்டில் வெடிக்கும் என்று எங்கள் முன்னோர்கள் பாடமே நடத்தினார்கள். 1991-இல் அமெரிக்காவின் ஓக்லாந்து மலைப்பகுதித் தீயில் எரிந்த 50 வீடுகளை ஆராய்ந்தபோது 12 வீடுகளில் அந்தக் கண்ணாடி இருந்தது. யாரும் உள்ளே பெட்ரோல் ஊற்றாத வீடுகள். சூடான கண்ணாடியில் தீயணைப்புக் குழாய்த் தண்ணீர் பட்டு வரும் வெடிப்பு அது. இதே கண்ணாடியும் இதே தரைத் திட்டும் சாட்சி சொன்ன டெக்சஸ் வழக்கில், தன் மூன்று மகள்களைக் கொன்றதாகச் சொல்லி, கேமரன் டாட் வில்லிங்ஹாமுக்கு 2004-இல் மரண தண்டனையை நிறைவேற்றிவிட்டார்கள். அந்தச் சாட்சியத்துக்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று நிபுணர்கள் அடுத்தடுத்துச் சொன்னதால் அந்த உயிர் திரும்பி வந்துவிடவில்லை.

சரி, ஆறு தீக்கு வருவோம். ஒவ்வொன்றையும் தனித்தனித் தாளில் எழுதச் சொன்னேன். எழுதத் தொடங்கியதுமே "தொடர்" பிரிந்துபோனது. மீட்டர் அறைத் தீயில் ஒரு திருகு இறுகாமல் இருந்து, அந்த இணைப்பு மட்டும் உருகியிருந்தது. தச்சு வேலை நடந்த அறையில் ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்து வைத்திருந்தார்கள். எண்ணெய் காயும்போது வெளிவிடும் வெப்பம் குவியலுக்குள்ளேயே தங்கினால் தானாகப் பற்றும். யாரும் தீக்குச்சி கிழிக்க வேண்டாம். பிலடெல்பியாவில் 1991-இல் 38 மாடிக் கட்டடம் ஒன்று எரிந்து மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்ததற்குத் தொடக்கம் இந்த மாதிரித் துணிகள்தான். வளாகத்தில் குப்பைத் தொட்டி இரண்டு தடவை எரிந்திருக்கிறது. அணையாத சிகரெட்டாக இருக்கலாம், வேண்டுமென்றே வைத்ததாகவும் இருக்கலாம். ஐந்தாவது, மாடிப்படியில் புகைந்த மிதியடி. மூன்று மாதத்துக்கு முன்னால் நடந்திருந்தால் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிவிட்டு மறந்திருப்பார்கள். இப்போது கணக்கில் சேர்ந்துவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். ஆறாவது அந்தக் காலி வீடு. ஆய்வகத்தில் பெட்ரோல், மண்ணெண்ணெய் எதுவும் தென்படவில்லை. அது இல்லாததாலேயே யாரும் வைக்கவில்லை என்றும் சொல்ல மாட்டேன். "காரணம் தெரியவில்லை" என்று எழுதினேன். அப்படி எழுத எனக்கு வெட்கமில்லை. ஷார்ட் சர்க்யூட் இல்லை, காஸ் இல்லை, ஆகவே வைத்ததுதான் என்று எழுதத்தான் வெட்கப்படுவேன்.

"அப்போ யாருமே வைக்க மாட்டாங்களா?" என்று கேட்பீர்கள். வைப்பார்கள். 1984-இல் அமெரிக்காவின் தெற்குப் பாசடீனாவில் ஒரு கடை எரிந்து நான்கு பேர் இறந்தபோது மின்கசிவு என்று முடித்துவிட்டார்கள். பல வருடம் கழித்து அதற்குத் தண்டனை பெற்றவர் ஜான் ஆர் (John Orr) என்பவர். கிளெண்டேல் தீயணைப்புத் துறையில் தீவைப்பு வழக்குகளை விசாரித்த அதிகாரி அவரேதான்! அவரோடு முடிச்சுப் போட உதவியது கரியின் வடிவமல்ல. வேறொரு தீயில் எரியாமல் மிஞ்சிய காகிதத்துண்டில் இருந்த கைரேகை. அந்த மாதிரிப் பொருளைத்தான் நீங்கள் மறுநாள் காலையில் பெருக்கித் தள்ளிவிடுகிறீர்கள்.

ஆகவே, தயவுசெய்து பெருக்காதீர்கள். இன்ஷூரன்ஸ்காரர் வருவதற்குள் சுத்தமாக இருக்கட்டும் என்ற நல்லெண்ணமும் வேண்டாம். எரிந்த சுவிட்ச் போர்டைக் கழற்றி எடைக்குப் போடாதீர்கள். எந்த எம்.சி.பி. (மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் சுவிட்ச்) விழுந்திருந்தது, எந்தக் கதவு திறந்திருந்தது என்று கைவைக்கும் முன் படமெடுங்கள். வெளிச்சத்துக்காகப் பெட்ரோல் ஜெனரேட்டரை எரிந்த அறைக்குள் கொண்டுபோய் வைக்காதீர்கள். பிறகு ஆய்வகத்தில் பெட்ரோல் வந்தால் அது யாருடையது என்று நான் எப்படிச் சொல்வது? ஆய்வுக்கான மாதிரியை மளிகைப் பையில் கட்டித் தராதீர்கள், ஆவி கசிந்து போய்விடும். காற்றுப் புகாத தகர டப்பாவில் எடுக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க, எரியாத இடத்திலிருந்தும் ஒரு மாதிரி வேண்டும். அதை எங்கள் ஆட்களே எடுக்கட்டும்.

யார் மேல் சந்தேகமோ அதைப் போலீசிடம் மட்டும் சொல்லுங்கள். வாட்ஸ்ஆப் குழுவில் வேண்டாம், கெஞ்சிக் கேட்கிறேன். அந்தக் காவலாளியின் படம் மூன்று வாரம் குழுவில் சுற்றியது. என் அறிக்கை வந்த பிறகு நீக்கினார்கள். அதற்குள் அவர் வேலையை விட்டுப் போய்விட்டார். சம்பள பாக்கியையாவது அவருக்கு அனுப்பி வையுங்கள் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன்.